பதில் சொல்லாத எஃப்

ஆராவமுதன் துப்பறியும் தொழிலுக்கு வந்து பதினேழு வருடமாகிறது. பூட்டை உடைத்தவனைப் பிடித்திருக்கிறார். கையெழுத்தை மாற்றிப் போட்டவனைப் பிடித்திருக்கிறார். சோழபுரத்தில் பம்புசெட் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனவனை அவனுடைய கல்யாணப் பந்தலில் வைத்தே பிடித்திருக்கிறார். ஆனால் ஒரு மணல் கடிகாரத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை.

சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்தது அது. கம்ப்யூட்டர் திரையின் நடுவில் நின்றது. மவுஸை நகர்த்தினால் கூடவே நகர்ந்தது. மற்றபடி அதற்கும் உலகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இருப்பதாகத் தெரியவில்லை.

“செத்துப்போச்சா சார்?” என்றான் சோலைராஜ்.

சோலைராஜ் அவருடைய உதவியாளன். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கும் அவர்கள் ஆபீசில் டைப் அடிப்பது, ஆளைப் பின்தொடர்வது, டீ சொல்வது எல்லாம் அவன் பொறுப்பு. வாய்க்கு மட்டும் தனியாகச் சம்பளம் கிடையாது. அது இலவச இணைப்பு.

“செத்த பேசாம இரேன்டா.”

“நான் பேசாம இருக்கேன், நீங்க பேசாம இருக்கிய, அதுவும் பேசாம இருக்கு. யாராவது ஒருத்தர் பேசணும்லா சார்.”

கடை முதலாளி சங்கரலிங்கம் குறுக்கே கையை நீட்டிப் பெட்டியின் பட்டனை அழுத்தினார். திரை கறுத்தது. “இப்படித்தான் சார் நாலு நாளா. எதைத் தொறந்தாலும் நின்னுக்கிடுது. அணைச்சுப் போட்டு அணைச்சுப் போட்டு என் கையே தேஞ்சுபோச்சு. அந்தப் பய போற போக்குல பூட்டுப் போட்டுட்டுப் போயிட்டான்.”

அந்தப் பயல் என்று அவர் சொன்னது இருளப்பசாமியை. ஸ்ரீவில்லிபுத்தூர் கீழ ரத வீதியில் சங்கரலிங்கம் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் டைப்பிங் கடையில் இரண்டு வருடமாக ஆபரேட்டர். கிராம நிர்வாக அலுவலர் பரீட்சை எழுதித் தேறி, ஆர்டரும் கைக்கு வந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். போன திங்கட்கிழமை கடையை விட்டு நிற்கிறேன் என்று சொன்னான். கோர்ட்டுக்குப் போக வேண்டிய மனுக்கள் குவிந்து கிடக்கிற நேரத்தில் இப்படிச் சொல்கிறானே என்று சங்கரலிங்கம் கத்த, அவனும் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டான். மதியம் மூன்று மணிக்கு அவன் படி இறங்கினான். நாலு மணிக்கு மெஷின் நின்றது. சந்தேகப்பட இதற்கு மேல் என்ன வேண்டும்? மூன்று வக்கீல்களின் மனுக்கள் உள்ளே மாட்டிக்கொண்டு கிடந்தன. இன்று வெள்ளிக்கிழமை காலையில் சங்கரலிங்கம் போலீசுக்குப் போய்விட்டார்.

இருளப்பசாமியின் அம்மா கருத்தம்மாள் சோழபுரத்திலிருந்து கிடைத்த பஸ்ஸைப் பிடித்து ராஜபாளையம் ஆபீசுக்கு வந்தபோது, ஆராவமுதன் இன்னும் ஷட்டரைக்கூட முழுதாகத் தூக்கியிருக்கவில்லை. மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பைக்குள் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் ஆர்டர்.

“சாமி, எம்புள்ள மேல கேஸ் விழுந்துட்டா இந்தக் காயிதம் செல்லாதாமே. அவிய சொல்லுதாவ.”

ஆராவமுதனுக்கு அது தெரியும். அரசாங்க வேலைக்குச் சேருமுன் போலீஸ் விசாரணை உண்டு. உன் மேல் எப்போதாவது வழக்குப் பதிவானதா என்று ஒரு கேள்வி அந்தப் படிவத்தில் இருக்கும். வழக்கு பொய்யா மெய்யா என்று அது கேட்பதில்லை. ஸ்டேஷன் நோட்டில் ஒரு எண் விழுந்துவிட்டால், அதை இல்லை என்று ஆக்குவதற்குக் கோர்ட்டும் மாதங்களும் வேண்டும். திங்கட்கிழமை அத்தனை நாள் காத்திருக்காது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் பால்சாமி நல்ல மனுஷர். “பையனைப் பாத்தா பாவமாத்தான் சார் இருக்கு,” என்றார். “நாலு மணி வரைக்கும் நான் பேப்பர்ல எழுதல. அதுக்குள்ள மெஷின் தொறந்துச்சுன்னா அவன் வீட்டுக்குப் போவட்டும். தொறக்கலைன்னா என்னைக் குத்தம் சொல்லாதிய.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருளப்பசாமி எழுந்து நின்றான். மெலிந்த பையன். சட்டைப் பையில் இன்னும் கடைப் பேனா. “என்னைத் தொட விட்டா பத்து நிமிசத்துல பாத்துருவேன் சார். முதலாளி விட மாட்டேங்காவ. எதுத்த மாடியில இன்னொரு மெஷின் இருக்கு. அது ஓடுதா, ரெண்டுக்கும் நடுவுல ஒயர் இருக்கான்னு மட்டும் பாருங்க.”

பார்த்தார்கள். கடை ஜன்னலிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் வெளியே போனது. தெருவுக்குக் குறுக்கே ஒரு கறுப்பு ஒயர் தொய்வில்லாமல் போனது. எதிர் மாடி அறையைத் திறந்தால், அங்கே அந்த மெஷின் விளக்கு எரிய உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக ஒயர் உள்ளே வந்து அதன் முதுகில் சொருகியிருந்தது. ரெண்டு பக்கமும் சாட்சி சுத்தம். பையன் சொன்ன ஒரே துப்பும் அதோடு செத்தது.

“இப்ப என்ன சொல்லுதிய?” என்றார் சங்கரலிங்கம். குரலில் சந்தோஷம் இல்லை. அவரும் பாவம், ஜெயித்துத் தோற்றுக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டேமுக்காலுக்கு அவர் சாப்பிடப் போனார். ஆராவமுதன் மறுபடி மெஷினைப் போட்டு, மை கம்ப்யூட்டர் என்று எழுதியிருந்த படத்தை இரண்டு தடவை தட்டினார். மணல் கடிகாரம் வந்து நின்றது. இந்தத் தடவை அணைப்பதற்கு ஆள் இல்லை. வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார். சோலைராஜ் ஒரு பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்தான்.

கருத்தம்மாள் வாசல்படியில் வந்து நின்றாள். ஸ்டேஷனுக்கும் கடைக்குமாக இது அவளுக்கு நாலாவது நடை.

“சாமி, ஸ்டேஷன்ல ரைட்டர் அய்யா ஒண்ணு சொன்னாவ.”

ஆராவமுதன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்று நிமிடம்.

“மன்னிப்புக் கேட்டு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டா முடிச்சிரலாமுன்னு சொல்லுதாவ சாமி. குடுக்கட்டுமா?”

நாலு நிமிடம். மணல் கடிகாரம் அசையவில்லை.

“சாமி, உங்களைத்தான். குடுத்துட்டா விட்டுருவாவல்லா?”

“ம்,” என்றார் ஆராவமுதன். தலையையும் ஆட்டினார். கொஞ்ச நேரம் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. அவள் போய்விட்டாள். போனதை அவர் கவனித்ததாகச் சொல்ல முடியாது.

ஏழாவது நிமிடம் திரையில் பொசுக்கென்று ஒரு கட்டம் திறந்தது. உள்ளே சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருந்தன. ஏ என்று ஒன்று, சி என்று ஒன்று. கடைசியில் எஃப் என்று ஒன்று. எஃப் மேல் மட்டும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

சோலைராஜின் கை வாய்க்கும் பொட்டலத்துக்கும் நடுவில் நின்றது. “உசுரு வந்துட்டு சார்.”

“போனாத்தானேடா வர்றதுக்கு? பூட்டுன்னா ஏழு நிமிஷம் கழிச்சுத் தானாத் திறக்குமா? இது பூட்டு இல்லை. இது யாருக்கோ காத்துண்டிருக்கு.”

இன்னொரு தடவை தட்டினார். மறுபடி மணல் கடிகாரம். மறுபடி ஏழு நிமிடம். ஆராவமுதனுக்கு ஆள் புரியாவிட்டாலும் குணம் புரிந்துவிட்டது. பந்தியில் ஒரு இலை காலியாக இருந்தால், அந்த ஒரு ஆள் வரும்வரை யாருக்கும் சோறு போடாத வீட்டுக்காரர் உண்டு. இது அந்த ஜாதி. ஏ வந்தாச்சு, சி வந்தாச்சு, எஃப் எங்கே என்று வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. சங்கரலிங்கம் ஒரு நிமிடம்கூடப் பொறுக்காமல் நாலு நாளாக அதன் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு வந்த சங்கரலிங்கத்திடம் கேட்டார்: “எஃப்னா என்ன?”

“அதான் சார் எதுத்த மாடி மெஷின். பழைய பத்திரம் எல்லாம் அதுல கெடக்கு. மாசத்துக்கு ஒருக்காத்தான் எடுப்போம்.”

“அது வரலைன்னு இது நிக்கறது.”

“அது ஓடுதே சார். ஒயரும் போகுதே. நீங்களே பாத்தியளே.”

ஆராவமுதன் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். “திங்கக்கிழமை மூணு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில இங்க வேற என்ன நடந்தது?”

“ஒண்ணும் நடக்கலையே. மறுநாள் தேரு. தெருவெல்லாம் சனம்.”

அவ்வளவுதான் கிடைத்தது. இரண்டரை மணி வரை இதையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். சோலைராஜ்கூட ஜோக் அடிப்பதை நிறுத்திவிட்டான். அது நல்ல அறிகுறி இல்லை. தெரியாத தொழிலில் தலையைக் கொடுத்துவிட்டோம் என்று ஆராவமுதனுக்குத் தோன்றியது. ஒரு தாயின் இருபது வருடப் பாடு இந்தச் சின்னப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. தமக்கு மவுஸைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

“ஒரு டீ குடிச்சிட்டு வந்து அழுவோம் சார்,” என்றான் சோலைராஜ்.

எதிர் மாடிக்கு நேர் கீழே கண்ணுச்சாமியின் டீக்கடை. உள்ளே அலமாரி மேல் ஒரு டிவி. கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. பந்து வீசுபவரின் சட்டைப் பட்டன்வரை தெரிந்தது.

“என்ன அண்ணாச்சி, டிவி புதுசா?” என்று கேட்டான் சோலைராஜ்.

“பழசுதான்லே. மூணு வருசமா புள்ளி புள்ளியா அடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. தேரு நிலைக்கு வந்த அன்னைக்கு கேபிள்கார முத்துராமலிங்கம் அவனாவே வந்து நல்ல ஒயர் போட்டுக் குடுத்துட்டுப் போனான்.”

சோலைராஜ் கிளாஸைக் கீழே வைத்தான். “அவனாவேயா?”

“ஆமா.”

“கூப்பிடாமலா?”

“நான் எதுக்குக் கூப்பிடுதேன்?”

சோலைராஜ் ஆராவமுதன் பக்கம் திரும்பினான். “சார், எங்க தெருவுல கேபிள்காரனைக் கூப்பிட்டா பத்து நாள் கழிச்சு, வாரேன்னு சொல்லி அனுப்புவான். இங்க ஒருத்தன் கூப்பிடாம வந்து, கேக்காம ஒயர் போட்டிருக்கான். பதினேழு வருசத்துல இம்புட்டுப் பெரிய சந்தேகத்தை நீங்க பாத்திருக்கியளா?”

ஆராவமுதன் டிவியைப் பார்த்தார். அதன் பின்னாலிருந்து கிளம்பிய கறுப்பு ஒயரைப் பார்த்தார். அது கடைப் பலகைக்கு மேலே ஏறி, பலகையின் மறைவிலிருந்து வெளியே வந்து, தெருவுக்குக் குறுக்கே தொய்வில்லாமல் போனது. காலையில் அவர்கள் பார்த்துத் தலையாட்டிய அதே ஒயர்.

அவர் பிறந்து வளர்ந்தது இந்த ஊர். தேருக்கு முந்தின நாள் ரத வீதியில் குறுக்கே போகிற ஒயரையெல்லாம் இறக்குவார்கள். கரண்ட் ஒயர், போன் ஒயர், சீரியல் பல்பு ஒன்று விடாமல். அவ்வளவு உயரத் தேர். அது போனபிறகு திரும்ப ஏற்றுவார்கள். அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து வருடா வருடம் பார்த்த காட்சி. திங்கட்கிழமை என்ன நடந்தது என்று கேட்டபோது, அது ஒரு விஷயமாகச் சங்கரலிங்கத்துக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

“சோலை, சன்ஷேடு மேல ஏறு.”

அவன் ஏறினான். கடை ஜன்னலிலிருந்து வெளியே போன ஒயர் சன்ஷேடு மேலே வெட்டுப்பட்டு, சுருட்டி, சணலால் கட்டி வைக்கப்பட்டிருந்தது. தெருவைத் தாண்டும் ஒயர் பக்கத்துக் கம்பத்திலிருந்து கேபிள் டிவி லைனோடு முறுக்கிக்கொண்டு கிளம்பியது. எதிர்ப் பக்கம் மாடி ஜன்னலுக்கு வெளியே, பலகைக்குப் பின்னால், இன்னொரு சுருட்டல் தொங்கியது.

“ரெண்டு பக்கமும் வெட்டியிருக்கான் சார்,” என்று மேலிருந்து சொன்னான். “மாடி பூட்டிக் கெடந்திருக்கும், கழட்ட வழியில்லை. கறுப்பா இருந்ததால நம்ம டிவி ஒயருதான்னு நெனச்சுட்டான். திரும்பக் கட்டும்போது நடுத்துண்டை டீக்கடைக்குக் குடுத்துட்டான். நல்ல மனசுக்காரன்.”

சங்கரலிங்கம் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு, “அந்தப் புள்ளைய நான் கண்டபடி பேசிட்டேனே சார்,” என்றார்.

மணி மூன்று இருபது. முத்துராமலிங்கம் அய்யனார் கோவில் பக்கம் போயிருப்பதாகச் சொன்னார்கள். புது ஒயர் இழுக்க நேரமில்லை. ஆராவமுதன் கடைக்குள் வந்து போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் போட்டார். எஸ்.ஐ. வெளியே போயிருப்பதாக ரைட்டர் சொன்னார். பையனிடம் ஒரு நிமிடம் கொடுக்கும்படி ஆராவமுதன் கேட்டார்.

“இருளப்பா, ஒயரை வெட்டிட்டாண்டா. தேருக்கு இறக்கினப்போ. எஃப் இனிமே இன்னைக்கு வராது. வரவே மாட்டான்னு இந்த மெஷினுக்கு எப்படிச் சொல்றது?”

மறுமுனையில் பையன் மூச்சு விடுவது கேட்டது. “எஃப் மேல வச்சு மவுஸோட வலது பட்டனை அமுக்குங்க சார். டிஸ்கனெக்டுன்னு ஒண்ணு வரும். அதைத் தட்டுங்க.”

சோலைராஜ் தட்டினான். கொஞ்ச நேரம் யோசித்தது. எஃப் மறைந்தது. அவ்வளவுதான். சங்கரலிங்கம் மனுக்கள் இருந்த இடத்தைத் திறந்தார். மணல் கடிகாரம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வக்கீல்களின் காகிதங்களும் எழுத்துப் பிசகாமல் அங்கே இருந்தன.

“தொறந்துட்டா சார்?” என்றான் இருளப்பசாமி.

“திறந்துடுத்துப்பா. நாலு மணிக்கு இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. முதலாளியைக் கூட்டிண்டு இதோ வர்றேன்.”

பையன் ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் சொல்லவில்லை. அப்புறம், “நல்லது சார்,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

ஆராவமுதன் ரிசீவரைப் பார்த்தார். ஏதோ இடறியது. ஆனால் சோலைராஜ் சட்டையில் ஒட்டடையோடு சிரித்துக்கொண்டிருந்தான். சங்கரலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். இடறியதை அவர் அப்படியே விட்டுவிட்டார்.

அப்போது கருத்தம்மாள் படி ஏறி வந்தாள். காலையிலிருந்து இல்லாத தெளிவு முகத்தில் இருந்தது. தலையை நனைத்து வாரியிருந்தாள். ஆண்டாள் சந்நிதிக்குப் போய்விட்டு வந்திருக்க வேண்டும், நெற்றியில் குங்குமம்.

“முடிஞ்சிட்டு சாமி. நீங்க சொன்னது மாதிரியே எழுதிக் குடுத்துட்டோம்.”

“என்ன எழுதிக் கொடுத்தேள்?”

“நான்தான் செஞ்சேன், மன்னிச்சிருங்கன்னுதான். அவன் மாட்டேன் மாட்டேன்னான். சாமியே தலையாட்டிட்டாவ, போடுலே கையெழுத்தன்னு நான்தான் காலைப் பிடிக்காத கொறையா...” அவள் சிரித்தாள். “எஸ்.ஐ. அய்யா இல்ல. ரைட்டர் அய்யாதான் வாங்கிக்கிட்டாவ. அந்நேரமே நோட்டை எடுத்து எழுதி, இந்தச் சீட்டும் குடுத்தாவ. பத்திரமா வச்சுக்கிடணுமாம்.”

மஞ்சள் பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். ஆர்டரோடு சேர்த்து வைத்திருந்த ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். படிக்கத் தெரியாதவர்கள் காகிதத்தைப் பிடிக்கிற மரியாதையோடு இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

ஆராவமுதன் வாங்கிப் பார்த்தார். குற்ற எண் என்று போட்டு, ஒரு எண்ணும் வருடமும் இருந்தன. நேரம், மதியம் ஒன்று ஐம்பது. எஃப் யார் என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரம்.

சங்கரலிங்கம் எட்டிப் பார்த்தார். “நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன் சார். இப்பவே வாங்கிக்கிடுதேன்,” என்றார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. அவர் கடையில் வருகிற மனுக்களில் பாதி இந்த மாதிரி எண்ணை அழிப்பதற்காகத்தான் வருகின்றன. எத்தனை மாதம் ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சோலைராஜ் சட்டையில் இருந்த ஒட்டடையைத் தட்டிவிட ஆரம்பித்தான்.

கருத்தம்மாளுக்கு இது எதுவும் எட்டவில்லை. அவள் ஆர்டரை ஒரு தடவை தடவிவிட்டு, மடிப்பு விழாமல் கவருக்குள் திரும்ப வைத்தாள்.

“திங்கக்கெழமை எத்தனை மணிக்கு சாமி அவன் அங்க இருக்கணும்? அதுல போட்டிருக்கும்லா. வாசிச்சுச் சொல்லுங்க.”

ஆராவமுதன் கையிலிருந்த சீட்டையே பார்த்தார். அவள் அவசரப்படுத்தவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தாள்.